விச்சென்சாவில் பல்லாடியோ: கட்டடக்கலை மாணவர் ஒரே ஒரு இத்தாலிய நகரம் பார்ப்பதென்றால்?

கட்டடப்பித்தன்

ஃப்ளாரன்ஸ், ரோம், வெனிஸ் மூன்றுக்கும் இந்த மன்றத்தில் உரையாடல் இழைகள் மண்டிக் கிடக்கின்றன. விச்சென்சாவுக்கு ஒன்றுகூட இல்லை, அதனால் இதைத் தொடங்குகிறேன். மிலானில் எம்.ஆர்க் படிக்கிறேன். செமஸ்டர் இடைவெளியில் வகுப்பே ரோமுக்குக் கிளம்பியபோது நான் ரயிலில் கிழக்குப் பக்கம் போய் விச்சென்சாவில் இறங்கிவிட்டேன்.

16-ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவை நமக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி? வெள்ளை வில்லா, நடுவில் அச்சு, இரு பக்கமும் ஒரே மாதிரி, அறைகளுக்கு அழகான விகிதம். தேர்வுக்கு அது போதும். ஊருக்குள் போனால் முதல் கட்டடத்திலேயே அந்தப் பாடம் ஆட்டம் காண்கிறது.

பியாத்சா தேய் சிஞ்ஞோரி சதுக்கத்தில் நிற்கும் பசிலிக்காவைச் சொல்கிறேன். முதலில், அது கோயில் இல்லை, நகரசபை மண்டபம். இரண்டாவது, அது முழுக்க பல்லாடியோ கட்டியதும் இல்லை. உள்ளே இருப்பது 15-ஆம் நூற்றாண்டு கோதிக் மண்டபம். அதைச் சுற்றி 1494 வாக்கில் ஒரு தாழ்வாரம் கட்டி முடித்தார்கள், 1496-ல் அதன் ஒரு மூலை இடிந்து விழுந்தது. பிறகு அரை நூற்றாண்டு நகரசபை யோசித்துக்கொண்டே இருந்தது. சன்சொவினோ, செர்லியோ, சன்மிக்கேலி, ஜூலியோ ரொமானோ என்று அன்றைய பெரிய தலைகள் எல்லாரிடமும் யோசனை கேட்டார்கள். கடைசியில் 1549-ல் வேலை உள்ளூர்க் கல்தச்சுப் பட்டறையில் வளர்ந்த ஒருவருக்குப் போனது. மாதம் 5 டுகாட் சம்பளம்.

சிக்கல் இதுதான்: பழைய மண்டபத்தின் கதவுகள், தூண்கள், கட்டடத்துக்கு ஊடே போகும் சந்துகள் எதுவும் சம இடைவெளியில் இல்லை. வெளியே போடும் வளைவு வரிசை அவற்றோடு பொருந்த வேண்டும். அப்படிப் பொருத்தினால் ஒரு வளைவு அகலமாகவும் அடுத்தது ஒல்லியாகவும் வரும், உயரமும் கூடிக் குறையும். பார்க்கச் சகிக்காது.

பல்லாடியோ செய்தது: ஒவ்வொரு கண்ணிலும் (இரண்டு பெரிய தூண்களுக்கு நடுவே உள்ள பகுதி) நடுவில் ஒரு வளைவு, அதைத் தாங்கச் சின்னத் தூண்கள், அவற்றுக்கும் பெரிய தூணுக்கும் நடுவே இருபுறமும் தட்டை உத்தரம் போட்ட செவ்வகத் திறப்பு. இந்த அமைப்புக்கு செர்லியானா என்று பெயர், அவர் கண்டுபிடித்ததில்லை. அதை அவர் பயன்படுத்திய விதம்தான் விஷயம். வளைவின் அகலத்தை எல்லா இடத்திலும் ஒரே அளவில் வைத்துக்கொண்டு, பக்கத் திறப்புகளை மட்டும் இடத்துக்கேற்ப அகட்டியும் குறுக்கியும் விட்டார். சதுக்கத்தில் நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது ஒரே அளவான வளைவுகளின் வரிசை. கோணல் முழுவதும் பக்கத்து இடுக்குகளுக்குள் போய்விடுகிறது. மூலைக்கு வந்து பாருங்கள், கடைசிக் கண்ணில் பக்கத் திறப்பு நன்றாகவே ஒடுங்கியிருக்கும். மூலையில் தூண்கள் கூடி நிற்பதால் சதை கூடி, திறப்பு குறைந்து, கட்டடம் கெட்டியாக முடிகிறது. இடநெருக்கடியால் வந்த ஒடுக்கத்தையே மூலையின் பலமாகக் காட்டிவிட்டார்.

அதனால்தான் சொல்கிறேன், ஸ்டூடியோவில் 'தளம் கோணல் சார், ஒன்றும் செய்ய முடியவில்லை' என்று புலம்பும் எல்லாரும் வரவேண்டிய ஊர் இது. கேள்வி இருந்தால் கேளுங்கள்.

தூரிகை

அண்ணா, நாங்கள் சென்னையில் பி.ஆர்க் மூன்றாம் ஆண்டு. அடுத்த வருடப் பயணத்தில் வெனிஸுக்கும் மிலானுக்கும் நடுவில் ஒரு நாள் காலியாக இருக்கிறது. ஆசிரியர் வெரோனா என்கிறார், நான் விச்சென்சா என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அங்கே டேப் வைத்து அளக்க விடுவார்களா? நோட்டில் வரைய உட்கார்ந்தால் விரட்டுவார்களா?

கட்டடப்பித்தன்

பசிலிக்காவின் கீழ்த் தாழ்வாரம் பொது நடைபாதைதான், காலையில் டேப் போட்டேன், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நகைக்கடைக்காரர் ஒருவர் கதவைத் திறந்தபடி வேடிக்கை பார்த்தார், அவ்வளவுதான். சந்தை நாளில் போகாதீர்கள், சதுக்கம் முழுக்கக் கடை போட்டிருப்பார்கள், முகப்பே தெரியாது. அருங்காட்சியகங்களுக்குள் டேப் எடுத்தால் காவலர் ஓடி வருவார். அங்கே காலடியை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீலவரைபடம்

தம்பி, எழுத்து நன்றாக இருக்கிறது. ஆனால் தலைப்பு கேட்கும் கேள்விக்கு என் பதில் ஃப்ளாரன்ஸ்தான். முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

விச்சென்சாவில் நீ பார்ப்பது முகப்பு வித்தை. சரி, நல்ல வித்தை. ஃப்ளாரன்ஸில் பேராலயத்தின் மேல் புரூனெல்லெஸ்கி கட்டிய கும்மட்டத்துக்குள் ஏறிப் பார். 463 படி. பாதி வழியில் உள் ஓட்டுக்கும் வெளி ஓட்டுக்கும் நடுவே நடக்கிறாய், செங்கல் எப்படிப் போயிருக்கிறது என்று கையால் தடவலாம். வரிசைக்கு நடுநடுவே செங்குத்தாக நிறுத்திய செங்கல் சுழன்று மேலேறிப் போகும். கலவை இறுகும்வரை அந்தச் செங்கல்தான் அடுத்த வரிசை வழுக்கி விழாமல் பிடித்துக்கொண்டது. தரையிலிருந்து முட்டுக்கொடுக்கும் மரச்சாரம் இல்லாமல், ஏறத்தாழ 45 மீட்டர் அகலத்தை 1420-லிருந்து 1436-க்குள் மூடினார்கள். முகப்பைப் பார்த்து வரைவதற்கும், ஒரு கட்டடம் எப்படி நிற்கிறது என்று அதன் உள்ளே நின்று தெரிந்துகொள்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அமைப்பு புரிய வேண்டும். விகிதம் பிறகு வரும்.

கட்டடப்பித்தன்

சார், கும்மட்டத்தை யார் குறைத்துச் சொல்வார்கள்? ஆனால் அது ஒரு தடவைதான் நடந்தது. அப்படி ஒரு வேலை நம் யாருக்கும் வரப்போவதில்லை. நமக்கு வருவது பழைய வீடு, கோணல் மனை, பாதியில் கை வறண்டுபோகும் முதலாளி. விச்சென்சா முழுக்க அந்த மூன்றும்தான்.

பியாத்சா காஸ்தெல்லோவின் ஓரத்தில் பலாத்சோ போர்த்தோ என்று ஒரு மாளிகை இருக்கிறது. ராட்சதத் தூண்கள், மேலே கனமான மாலை வேலைப்பாடு, எல்லாம் பிரமாதம். ஆனால் இரண்டே கண் அகலம். ஒரு பக்கம் வெட்டிய கேக் மாதிரி சடாரென்று முடிந்து, பக்கத்தில் பழைய சின்ன வீடு ஒட்டிக்கொண்டிருக்கும். திட்டம் இன்னும் நீளமானது, கட்டியது இவ்வளவுதான். பலாத்சோ கியெரிகாத்தி 1550-களில் தொடங்கிப் பாதியில் நின்றது, மீதியை 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் முடித்தார்கள். பசிலிக்காகூட பல்லாடியோ கண்ணை மூடியபோது முடியவில்லை.

கியெரிகாத்தியில் இன்னொன்றும் உண்டு. மனை ஆழமே இல்லாத பட்டை மனை. உரிமையாளர் நகரசபைக்கு மனு போட்டு, முன்னால் இருந்த பொது நிலத்தில் தாழ்வாரம் கட்ட அனுமதி வாங்கினார். 'ஊர் மக்கள் மழை வெயிலுக்கு ஒதுங்கலாம்' என்பது வாதம். மக்கள் கீழே நடக்கிறார்கள், அவர் வீட்டுக் கூடம் அதன் மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. நம் ஊர் கட்டட விதிகளில் இப்படி ஒரு பேரம் பேசிப் பாருங்களேன்.

நீலவரைபடம்

அந்தப் பேரம் எனக்குப் பிடித்திருக்கிறது. மற்றதில் நான் மாறவில்லை.

சுண்ணாம்புக்காளவாய்

நான் பழைய கட்டடங்களைச் செப்பனிடும் வேலையில் இருப்பவன், கண் முதலில் பூச்சுக்குத்தான் போகும். நீலவரைபடம் சார் 'முகப்பு வித்தை' என்றதில் ஒரு பாதி உண்மை, ஆனால் சார் பார்க்காத பாதி சுவாரசியமானது.

பசிலிக்கா முகப்பு வெள்ளைக் கல், பக்கத்து மலைகளில் வெட்டியது. அது நகரசபைப் பணம். தனியார் மாளிகைகள் அப்படியில்லை. அவற்றில் பெரும்பாலும் தூணின் அடித்தளமும் போதிகையும் (தூணின் தலைப்பகுதி) மட்டும் கல், நடுத்தண்டு செங்கல். அதன்மேல் சுண்ணாம்பும் பளிங்குத் தூளும் கலந்த பூச்சு, தேய்த்துத் தேய்த்துக் கல் மாதிரி ஆக்கியிருப்பார்கள். செதுக்க வேண்டிய நுணுக்கம் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் கல்லுக்குச் செலவு. வட்டமாக எழும்ப வேண்டிய தண்டுக்கு எதற்குக் கல்?

கொந்த்ரா போர்த்தி தெருப் பக்கம் போய் பலாத்சோ தியேனேயைப் பாருங்கள். கரடுமுரடான பெரிய பாறைக் கற்களை அடுக்கியது போலச் சுவர் இருக்கும். அந்தப் 'பாறை' செங்கல்லும் பூச்சும்தான். பெயர்ந்த இடம் ஏதாவது கண்ணில் பட்டால் கிட்டே போய்ப் பாருங்கள். செங்கல்லையே முதலில் பாறை உருவத்துக்குச் செதுக்கி, அதன்மேல் பூச்சு மெலிதாகப் போட்டிருப்பது தெரியும். பூச்சைத் தடியாக அப்பி உருவம் எடுத்திருந்தால் எப்போதோ மொத்தமாகக் கழன்றிருக்கும்.

செட்டிநாட்டு வீடுகளில் வேலை பார்த்த கொத்தனார்கள் இதைப் பார்த்தால் உடனே பேச்சுக் கொடுப்பார்கள். அங்கேயும் வழவழப்பு கடைசி மெல்லிய பூச்சில்தான், அடியில் வேறு கலவை.

ரயில்பூச்சி

நடைமுறைத் தகவல் யாரும் போடவில்லையே. விச்சென்சா மிலான் - வெனிஸ் மெயின் லைனில் இருக்கிறது. வெனிஸிலிருந்து வட்டார ரயிலில் முக்கால் மணி நேரம் போல, வெரோனாவிலிருந்து அதைவிடக் குறைவு. அதிவேக ரயிலுக்கு முன்பதிவு, பணம் என்று அலைய வேண்டாம். தாள் டிக்கெட் என்றால் பிளாட்பாரத்தில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொண்டு ஏறுங்கள், இல்லாவிட்டால் அபராதம். நிலையத்திலிருந்து பழைய நகரத்துக்கு நடந்தே போய்விடலாம்.

முக்கியமானது: திங்கட்கிழமை வேண்டாம். அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். நாடக அரங்கம், கியெரிகாத்தி, பல்லாடியோ அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் கிடைக்கும், மாணவர் அட்டையை மறக்க வேண்டாம்.

பொலோனியாவாசி

எல்லாரும் பசிலிக்காவிலேயே நின்றுவிட்டீர்கள். நகரத்தை ஒட்டிய குன்றில் பல்லாடியோ வரைந்த வில்லா, ரொத்தோண்டா? நான் இரண்டு தரம் போய் இரண்டு தரமும் ஏமாந்தேன். நான்கு பக்கமும் ஒரே முன்மண்டபம், ஒரே படிக்கட்டு. எந்த வழியாக வந்தோம் என்றே மறந்துபோகிறது. மலைமேல் வைத்த கோப்பை மாதிரி அழகாக இருக்கிறது, ஆனால் அதில் யார் குடியிருப்பது? சமையலறை எங்கே, ஆள் எங்கே தூங்குவது?

கட்டடப்பித்தன்

சமையலறை கீழே தாழ்தளத்தில். பார்வைக்கு வராமல் ஒளித்துவைத்திருக்கிறார்.

ரொத்தோண்டா குடும்பம் நடத்தக் கட்டிய வீடு அல்ல என்பதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். கட்டச் சொன்ன பாவ்லோ அல்மெரிகோ ரோமில் போப்பின் அரண்மனையில் வேலை பார்த்து ஊர் திரும்பிய பாதிரியார். நகரத்தை ஒட்டிய குன்று, விருந்தாளிகள், காட்சி. மற்ற வில்லாக்களில் பண்ணைக் கொட்டகையும் தானியக் கிடங்கும் வீட்டோடு சேர்ந்தே இருக்கும். இதில் பல்லாடியோவின் வரைபடத்தில் அவை கிடையாது.

நான்கு பக்கமும் ஒன்றுதான் என்பது காகிதத்தில் உண்மை. ஆனால் கட்டடத்தின் மூலைகளைத்தான் அவர் திசைகளுக்குத் திருப்பி வைத்திருக்கிறார், முகங்களை அல்ல. அதனால் எந்த முகமும் நாள் முழுக்க வெயிலைப் பார்க்காமல் இருப்பதில்லை, எந்த அறையும் சில்லென்று கிடப்பதில்லை. நான்கு மண்டபத்தில் நின்றாலும் நான்கு வேறு காட்சி: ஒன்றில் நேராக ஏறிவரும் பாதை, ஒன்றில் காடு, ஒன்றில் சமவெளி. ஒரு சுற்று நடந்தால் திசை மறக்காது.

இப்போது எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். 1570-ல் பல்லாடியோ கட்டடக்கலை பற்றிய தன் நான்கு நூல்களை அச்சிட்டார். ரொத்தோண்டாவின் வரைபடம் அதில் இருக்கிறது, அளவுகள் விச்சென்சா அடியில். அந்த அடி நம் அடியைவிடப் பெரியது, ஏறத்தாழ 36 செ.மீ. நடுக்கூடம் 30 அடி விட்டம், பெரிய அறைகள் 26-க்கு 15. அந்தப் பக்கத்தைப் படி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். தரைத்திட்டம் நன்றாகவே ஒத்துப்போகிறது. மேலே பார்த்தால் கதை வேறு. நூலில் கும்மட்டம் முழு அரைக்கோளமாக எழும்பி நிற்கிறது. கட்டியிருப்பது தாழ்வாக, படிப்படியாக ஓடு போட்டது. பல்லாடியோ இறந்த பிறகு வேலையை முடித்தவர் ஸ்கமோட்ஸி, அவர் மாற்றியது. கூடத்தின் நடுத்தரையில் ஒரு கல்முகம் பதித்திருக்கிறது, வாயும் கண்ணும் ஓட்டை. உச்சியைத் திறந்துவிட்டு, விழும் மழைநீரை அந்த வழியாக வடிப்பது என்ற யோசனையின் மிச்சம் அது என்கிறார்கள். ரோமில் உச்சி திறந்த கும்மட்டம் கொண்ட பாந்தியானைப் பார்த்து வந்தவருக்கு அந்த ஆசை வராதா என்ன?

நூலையும் கட்டடத்தையும் இப்படி எதிரெதிரே வைத்துப் பார்க்க இந்த அளவுக்கு வசதியான ஊர் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. நூலில் அவர் 'இப்படி இருந்திருக்க வேண்டும்' என்று திருத்திப் போடுகிறார். தெருவில் 'இவ்வளவுதான் முடிந்தது' என்று நிற்கிறது. பசிலிக்காவுக்கும் அப்படித்தான், நூலில் அந்தக் கோணல் இடைவெளிகளெல்லாம் நேராகிவிட்டிருக்கும்.

உள்ளே எல்லா நாளும் விடுவதில்லை, குடும்பச் சொத்து. தோட்டம் மட்டும் திறந்திருக்கும் நாளில் போய் வாசலோடு திரும்பாதீர்கள்.

பொலோனியாவாசி

வெயில் கணக்கை நான் கவனிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். குடியிருக்க முடியாது என்பதில் மாற்றமில்லை. போகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் வில்லா வல்மரானாவையும் பாருங்கள். மதில்மேல் குள்ளர் சிலைகள் வரிசையாக நிற்கும். உள்ளே தியெபோலோ அப்பாவும் மகனும் 1757-ல் தீட்டிய சுவரோவியங்கள். நான் அங்கே இருந்த நேரம் ரொத்தோண்டாவில் இருந்ததைவிட அதிகம்.

தூரிகை

நாடக அரங்கம் பற்றியும் சொல்லுங்கள் அண்ணா. படத்தில் பார்த்தால் மேடைக்குப் பின்னால் நிஜத் தெருவே இருப்பது போலத் தெரிகிறது.

கட்டடப்பித்தன்

தெயாத்ரோ ஒலிம்பிகோ. 1580-ல் பல்லாடியோ வரைந்து வேலை தொடங்கியது, அதே ஆகஸ்டில் அவர் போய்விட்டார். மூடிய கூரைக்குள் இன்றும் நிற்கும் அரங்குகளில் மிகப் பழையது என்று சொல்வார்கள். 1585 மார்ச்சில் 'ஈடிபஸ்' என்ற கிரேக்க நாடகத்தோடு திறந்தார்கள். மேடைச் சுவரில் இருக்கும் வாசல்களுக்குப் பின்னே அந்தக் கதை நடக்கும் தீப்ஸ் நகரத்தின் தெருக்கள். அவை ஸ்கமோட்ஸி செய்தவை. மரமும் சாந்தும், ஒரு நாடகத்துக்காகப் போட்டது, அப்படியே நின்றுவிட்டது.

பார்வையாளர் இருக்கையிலிருந்து நீளமான தெரு. உண்மையில் தரை மேல்நோக்கிச் சரிந்து, வீடுகள் போகப்போகக் குட்டையாகி, சில மீட்டரில் முடிந்துவிடுகிறது. நடிகர் கடைசிவரை நடந்தால் மாடி ஜன்னல் அவர் தோளில் இடிக்கும். நடு இருக்கையில் உட்காருங்கள், பிறகு ஓரத்துக்கு நகருங்கள். எந்தத் தெரு எந்த இருக்கைக்காகத் திருப்பப்பட்டிருக்கிறது என்று புரியும்.

படங்களில் தெரியாத ஒன்று: இருக்கை வரிசை அரைவட்டம் அல்ல, பாதி நீள்வட்டம். ரோமானிய அரங்கு மாதிரி முழு அரைவட்டம் போட அந்த இடத்தில் ஆழம் இல்லை, பழைய கோட்டைக் கட்டடத்துக்குள் நுழைத்தது. மறுபடியும் அதே கதைதான், இல்லாத இடத்துக்குள் இருக்கிற மாதிரி காட்டுவது.

நேரம் இருந்தால் பலாத்சோ பர்பரானோ. பல்லாடியோ அருங்காட்சியகம் அங்கேதான். பழைய வீடுகளின் சுவர்களை விழுங்கிக் கட்டியது, அதனால் நுழைவுக் கூடத்தின் சுவர்கள் சரியான கோணத்தில் இல்லை. நான்கு தூண்களை நடுவில் நிறுத்திக் கூரையின் வளைவு அகலத்தைக் குறைத்து, தூணுக்கும் சுவருக்கும் நடுவில் மிஞ்சும் ஏறுமாறான இடைவெளியைச் சின்னச் சின்ன உத்தரங்களால் கட்டிப்போட்டிருக்கிறார். மேலே பாருங்கள், கூரை நேர். கீழே தரையின் கல் மூட்டுகளைச் சுவர்வரை பின்தொடருங்கள், சுவர் விலகிப் போவது தெரியும். முகப்பில் நின்ற நேரத்தைவிட இந்தக் கூடத்தில் நான் வரைந்த பக்கங்கள்தான் உருப்படி.

தூரிகை

சரி, இதை அப்படியே ஆசிரியருக்கு அனுப்புகிறேன். அவர் வெரோனா என்று சொல்வது 20-ஆம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் ஸ்கார்ப்பாவுக்காக.

நீலவரைபடம்

உன் ஆசிரியர் சொல்வதில் நியாயம் இருக்கிறதம்மா. வெரோனாவின் காஸ்தெல்வெக்கியோ கோட்டையை ஸ்கார்ப்பா அருங்காட்சியகமாக மாற்றியது பழைய கட்டடத்தைக் கையாள்வதில் தனிப் பாடம். புதுத் தரை பழைய சுவரைத் தொடாது, நடுவில் ஒரு பள்ளம் விட்டிருப்பார். குதிரைமேல் இருக்கும் கான்கிராந்தே (வெரோனாவை ஆண்டவர்) சிலையைக் கான்கிரீட் பலகைமேல் வெளியே தள்ளி நிறுத்தியிருப்பார். ஒரே நாளில் இரண்டு ஊரும் முடியும் தூரம்தான். காலை விச்சென்சா, பிற்பகல் வெரோனா. ரொத்தோண்டாவை விட்டுவிடு, பொலோனியாக்காரருக்கும் சந்தோஷம்.

கட்டடப்பித்தன்

சார் கடைசியில் விச்சென்சாவுக்கு அரை நாள் கொடுத்துவிட்டார்! தூரிகை, அரை நாள் என்றால் பசிலிக்கா, எதிரே லோஜியா (வளைவுகளோடு திறந்திருக்கும் மண்டபம்), பர்பரானோ, நாடக அரங்கம். இந்த வரிசையிலேயே போங்கள், எல்லாம் நடக்கிற தூரம். பசிலிக்காவின் மேல்மாடம் திறந்திருந்தால் ஏறுங்கள், கூரையைக் கிட்டே பார்க்கலாம். 1945 மார்ச்சில் குண்டுவீச்சில் எரிந்துபோனதைத் திரும்பக் கட்டியது.

சுண்ணாம்புக்காளவாய்

லோஜியா என்றதும் ஒன்று கேட்க வேண்டும். பசிலிக்காவுக்கு எதிரே இருக்கும் லோஜியா தெல் கபித்தானியாத்தோ, 1571-72. அதன் பெரிய அரைத்தூண்கள் இன்று வெறும் சிவப்புச் செங்கல், பூச்சே கிடையாது. அடியும் போதிகையும் மட்டும் வெளுப்பு. அது பூசிப் பிறகு உதிர்ந்ததா, அல்லது எதிரே இருக்கும் வெள்ளைக்குப் போட்டியாகச் சிவப்பாகவே விட்டதா என்று ஆட்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அங்கே செங்கல் மூட்டு மிக மெல்லியதாக இருக்கிறதென்பது என் நினைவு. பூசப்போகிற தூணுக்கு யாரும் மூட்டை அவ்வளவு சீராக வைக்கமாட்டார்கள், பூச்சு பிடிக்கச் சொரசொரப்பு வேண்டும். கட்டடப்பித்தன், கிட்டே எடுத்த படம் இருக்கிறதா?

கட்டடப்பித்தன்

தூரத்திலிருந்து எடுத்ததுதான் இருக்கிறது, மூட்டு தெரியவில்லை. பக்கத்து முகப்பில் லெபாந்தோ கடற்போர் (1571, ஒட்டோமான்களுக்கு எதிராக) வெற்றிக்காக வைத்த சிற்பங்களை மட்டும் கிட்டே எடுத்தேன், அதன் ஓரத்தில் கொஞ்சம் செங்கல் விழுந்திருக்கிறது. இரவு ஏற்றுகிறேன்.

தூரிகை

நாங்கள் போனால் ஒரு அளவுகோலைத் தூணோடு ஒட்டி வைத்துப் படம் எடுத்துவருகிறோம் சார். எந்த உயரத்தில் எடுக்க வேண்டும்?

சுண்ணாம்புக்காளவாய்

அடிக்கல்லுக்கு மேலே முதல் நான்கைந்து வரிசை, பிறகு கைக்கு எட்டும் உயரத்தில் ஒன்று. மழை படாத உள்பக்கத்தையும் எடுங்கள், பூச்சு இருந்திருந்தால் மிச்சம் அங்கேதான் ஒட்டியிருக்கும்.